மாமாவின் வயலில் பச்சை அளந்த கதை

பயிரின் பச்சையை அளக்க நானே செய்த கருவியை முதன்முதலாக வெயிலில் பிடித்தபோது அது சொன்னது இதுதான்: தன் மேல் விழுகிற செந்நிறக்கீழ் ஒளியைப் (தமிழ்நாட்டில் அகச்சிவப்பு என்பார்கள்) போல ஐந்து மடங்கை நெற்பயிர் திருப்பி அனுப்புகிறதாம். நூறு ரூபாய் போட்டால் அடுத்த நொடியே ஐந்நூறு தருகிற வங்கி மாதிரி. வரம்பில் நின்று சின்னத் திரையைச் சட்டை முனையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், எண் மாறவில்லை. அதற்கு முதல் நாள் மழை மூட்டத்தில் இதே இடத்தில் 0.4 என்று ஒழுங்காகத்தான் காட்டியது. வயர் எங்கோ கழன்றுவிட்டது என்று நினைத்து மத்தியானம் முழுக்க அதைத் தேடிக்கொண்டிருந்தேன். வயரில் ஒரு பிழையும் இல்லை. பிழை சூரியனில் இருந்தது, அதாவது சூரியன் எங்கே நிற்கும் என்று நான் யோசிக்காததில். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமாவுக்கு முரசுமோட்டைப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் காணியில் மூன்று ஏக்கர். ஏக்கருக்கு ஒன்றாக மூன்று வயல்: மேல்வயல், நடுவயல், பள்ளவயல். நான் விவசாயம் படித்தவன் இல்லை. கிளிநொச்சியில் போன், இன்வேர்ட்டர், தண்ணீர் மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று வருவதையெல்லாம் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். காலபோகம் (மாரிமழைப் போகம்) தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் வயலுக்குப் போவேன், பசளை எறியக் கை கொடுப்பேன், அவ்வளவுதான்.

மாமாவின் பிரச்சினை 2021இல் தொடங்கியது. அந்த வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தளர்த்தினார்கள், ஆனால் அந்தக் காலபோகத்துக்கு வேளைக்கு யூரியா கையில் கிடைக்கவில்லை. பயிர் வெளிறி, மட்டம் (பக்கக் கிளைப்பு) வெடிக்காமல், ஒல்லி ஒல்லியாக நின்றதை மாமா இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு யூரியா கடைக்கு வந்தவுடனே வாங்கி அடுக்கிவிடுவார். அடுக்கி வைத்தது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் எறியாமல் இருக்க மனம் வராது. "கொஞ்சம் வெளிறலாத்தான் கிடக்கு, எறிஞ்சு விடுவம்" என்பார். கொஞ்சம் அதிகமாக எறிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எரிபந்த நோய் வரும், கபிலத்தத்திப் பூச்சி வரும், கதிர் பாரத்தில் பயிர் சாயும். தெரியும், ஆனால் பட்டினி கிடந்த பயிரைப் பார்த்த பயம் அதைவிடப் பெரிது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், ஐம்பது கிலோப் பையில் 23 கிலோ. அதில் எவ்வளவு பயிருக்குள் போகிறது, எவ்வளவு தண்ணீரோடும் காற்றோடும் போகிறது என்பது பை வாங்கிய பற்றுச்சீட்டில் இருக்காது.

"வெளிறலாக் கிடக்கா இல்லையா எண்டு அளந்து சொல்லுறன் மாமா" என்று நான் வாய் விட்டதுதான் இவ்வளவுக்கும் காரணம்.

அளக்க ஏற்கனவே வழி இல்லாமல் இல்லை. மாமாவின் இரும்புப் பெட்டிக்குள்ளேயே ஒரு பழைய இலைநிற அட்டை இருந்தது: பிளாஸ்ரிக்கில் நான்கு பச்சைப் பட்டைகள், மஞ்சள் கலந்த பச்சையிலிருந்து கரும்பச்சை வரைக்கும். பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய அட்டை. முழுதாக விரிந்த இளம் இலைகளில் பத்தைப் பார்க்க வேண்டும், இலையைப் பிடுங்காமல், நம் உடம்பு நிழலில் வைத்து. பத்தில் ஆறு இலை குறித்த பட்டையைவிட வெளிறியிருந்தால் யூரியா போடு. நாற்று நட்ட நெல்லுக்கு நான்காம் பட்டை, வீசி விதைத்ததற்கு மூன்றாம் பட்டை கணக்கு. மலிவு, பற்றரி வேண்டாம், சேற்றில் விழுந்தாலும் கழுவி எடுக்கலாம். ஆனால் மாமாவின் அட்டை வெயிலில் வெளிறிப் போயிருந்தது. அளவுகோலே வெளிறினால் பயிர் எப்போதும் நல்ல பச்சையாகத்தானே தெரியும். அடுத்தது ஸ்பாட் மீற்றர், இலையைக் கவ்விப் பிடித்து 650, 940 நனோமீற்றர் ஒளிகளை ஊடே விட்டுப் பார்க்கிற ஜப்பான் கருவி. விலை இலட்சக்கணக்கில். ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான கிரீன்சீக்கர் என்ற இன்னொன்று, பயிருக்கு மேலே பிடித்தபடி நடக்கலாம், தன் சொந்த வெளிச்சத்தை அடித்து அது திரும்புவதை அளக்கும். அதையும் விலை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கும். செந்நிறக்கீழ் ஒளியை அது தொடாது, இலைக்குள்ளே கலங்களுக்கும் காற்றிடைவெளிகளுக்கும் நடுவில் சிதறி அதில் பாதியளவு வெளியே வந்துவிடும். அதனால் கொழுத்த பயிர் சிவப்பில் இருட்டாகவும் செந்நிறக்கீழில் பளிச்சென்றும் இருக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்.டி.வி.ஐ. இலையிலுள்ள நைதரசனில் பெரும்பங்கு பச்சையத்தைத் தாங்குகிற பச்சையவுருமணிகளுக்குள் இருப்பதால், பச்சையம் எவ்வளவு என்று தெரிந்தால் நைதரசனைப் பற்றி ஒரு ஊகம் கிடைக்கும். ஊகம்தான். இந்தச் சொல்லை நான் அன்றைக்கே அடிக்கோடிட்டிருக்க வேண்டும்.

சரி, செய்த விதம். உணரியாக ஏ.எஸ்.7263 என்ற சின்னச் சில்லு வைத்த பலகை இரண்டு வாங்கினேன். 610, 680, 730, 760, 810, 860 நனோமீற்றரில் ஆறு அலைவரிசை தரும். மூளைக்கு ஈ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கணினிப் பலகை, ஒரு சின்ன ஓலெட் திரை, பழைய லப்டொப் பற்றரியிலிருந்து கழற்றிய 18650 கலம் ஒன்று, சார்ஜ் பண்ண டி.பி.4056 பலகை. எல்லாம் கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது. பலகையோடு வந்த வெள்ளை எல்.ஈ.டி.யை நம்பி ஏமாற வேண்டாம், வெள்ளை எல்.ஈ.டி. செந்நிறக்கீழ் ஒளியைத் தராது என்றே சொல்லலாம். ஆகவே சூரியன்தான் விளக்கு. சூரியன் விளக்கென்றால் அந்த விளக்கையும் ஒவ்வொரு முறையும் அளந்தாக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வன்னி வானம் ஒரு நிமிடம் இருந்தபடி அடுத்த நிமிடம் இராது. அதற்குத்தான் இரண்டு உணரி: ஒன்று கீழே பயிரைப் பார்க்கும், ஒன்று மேலே வானத்தைப் பார்க்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் வாசித்து வகுக்க வேண்டும்.

முதல் முட்டு இங்கேயே. இந்தச் சில்லுக்கு ஐ.டூ.சி. முகவரி (ஒரே கம்பியில் கட்டிய சில்லுகளை மூளை பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இலக்கம்) ஒன்றே ஒன்றுதான், ஹெக்ஸில் 49, மாற்ற முடியாது. ஒரே வீட்டு இலக்கத்தில் இரண்டு பேர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார். டி.சி.ஏ.9548ஏ என்ற பிரிப்பான் ஒன்று இடையில் வைக்க வேண்டும், அது எட்டு வாசல் உள்ள வீடு, ஒரு நேரத்தில் ஒரு வாசலைத் திறக்கும். இது தெரியாமல் இரண்டையும் ஒரே கம்பியில் கட்டிவிட்டு, "ரெண்டும் ஒரே எண் காட்டுதே, என்ன துல்லியம்" என்று ஒரு இரவு முழுக்கச் சந்தோசப்பட்டேன். வெட்கம்தான், ஆனால் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு மீற்றர் பி.வி.சி. குழாயின் நுனியில் பெட்டியைப் பொருத்தி, பக்கத்தில் ரசமட்டக் குமிழ் ஒன்றை ஒட்டி, தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். நீளக் கம்பு, நுனியில் பெட்டி, குனிந்த தலையோடு மெல்ல மெல்ல அடி வைத்து நடக்கிற ஆள். வன்னியில் அந்தக் காட்சிக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. வாய்க்கால் பாதையில் சைக்கிளில் வந்த ஒரு அப்பு காலை ஊன்றி நின்றுவிட்டார். "தம்பி, உதெல்லாம் கிளியர் பண்ணிக் குடுத்த காணியெல்லோ, இன்னும் மிதிவெடி கிடக்கே?" இல்லை அப்பு, பயிரின் பச்சை அளக்கிறேன் என்றேன். "அதுக்கு ஏன் கம்பு, கண் தெரியாதே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு மறுமொழி கிடைக்க இரண்டு மாதம் ஆனது.

இப்போது அந்த ஐந்து மடங்குக்கு வருவோம். இந்தச் சில்லின் பார்வை ஒரு கூம்பு, நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 20.5 பாகை. கீழே பார்க்கும்போது அது நல்ல விசயம், பயிருக்கு ஒரு மீற்றர் மேலே பிடித்தால் முக்கால் மீற்றர் அகல வட்டம் தெரியும். மேலே பார்க்கும்போது அதுவே வினை. மார்கழியில் கிளிநொச்சியில் நடு மத்தியானம்கூடச் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 33 பாகை தெற்கே சரிந்து நிற்கும். ஆகவே மேலே பார்க்கிற உணரியின் கூம்புக்குள் சூரியன் வரவே வராது. அது பார்த்தது வெறும் நீல வானம், நீல வானத்தில் செந்நிறக்கீழ் ஒளி மிகக் குறைவு. கீழே பார்த்த உணரியோ முழு வெயிலில் நின்ற பயிரைப் பார்த்தது. வகுத்தால் ஐந்து வராமல் வேறென்ன வரும். மூட்டமான நாளில் வானம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் இருந்ததால் முதல் நாள் பிழை தெரியவில்லை.

மருந்து: மேல் உணரிக்கு ஒளியைப் பரப்புகிற ஒரு மூடி. இதற்கென்று விற்கிற வெள்ளைத் தெப்லோன் தகடு விலை கூட. ஆனால் குழாய் பொருத்துகிறவர்கள் புரியில் சுற்றுகிற வெள்ளை நாடா இருக்கிறதே, அதுவும் தெப்லோன்தான். கடையில் இரண்டு சுருள் இருந்தது. ஒன்றரை அங்குலக் குழாயில் வளையம் ஒன்று வெட்டி, அதன் வாயின் மேலே நாடாவை நெடுக்கும் குறுக்குமாக, பாய் பின்னுகிற மாதிரி, ஆறு அடுக்கு இழுத்து ஒட்டினேன். இழுவை கூடினால் நாடா மெலிந்து ஒரு பக்கம் வெளிச்சம் கூடுதலாக இறங்கும், குறைந்தால் தொய்ந்து மழைத்துளி குளம் கட்டும். மூன்றாவது வளையம்தான் சரியாக வந்தது.

பிறகு கடை மொட்டை மாடியில் ஒரு முழு நாள். வெள்ளை ஏ4 தாளில் பத்தை அடுக்கி ஒட்டிய பலகையைக் கீழே விரித்து, அதன் மேல் கருவியை நிறுத்தி, காலை 9 மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் வாசிக்க விட்டேன். தாள் மாறாது, ஆகவே கீழ்-மேல் விகிதமும் மாறக் கூடாது. மாறியது. காலையிலும் பின்னேரத்திலும் விகிதம் ஏறி, மத்தியானம் இறங்கி, அழகான கிண்ணம் மாதிரி ஒரு வளைவு வந்தது. வளையத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது விளங்கியது. குழாய் விளிம்பு வெளியே தடித்து நின்றதால் நாடா விளிம்புக்கு நான்கு மில்லிமீற்றர் உள்ளே பள்ளமாக இருந்தது, சூரியன் சரிந்தால் விளிம்பின் நிழல் நாடாவில் விழுகிறது. அரத்தால் ராவி விளிம்பை நாடாவின் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கிண்ணம் தட்டையானது, ஓரங்களில் கொஞ்சம் நிமிர்ந்தபடிதான், ஆனால் 11 மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் நேர்கோடு. அதனால் வயலில் அந்த இரண்டு மணித்தியாலம் மட்டும்தான் வேலை என்று முடிவு. வேகாத வெயிலில் நிற்க வேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்று. திருத்தப்பட்ட எண்களை மட்டும் வாசித்தால் உணரி நிரம்பி வழிவது தெரியாது. மூல எண்ணை வாசியுங்கள், 65535 என்று நின்றால் அது அளவு இல்லை, வாளி நிரம்பிவிட்டது என்று பொருள். உணரி தன் சமிக்ஞையைப் பெருக்குகிற அளவை 64 மடங்கிலேயே விட்டிருந்தேன், மேல் உணரிக்கு 3.7க்கு இறக்கியதும் ஒழுங்காயிற்று. வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு கம்பு பிடித்தாலும் எண் கொஞ்சம் அசையும், கறுப்புச் சட்டை நல்லது. பெட்டிக்குள் வேர்த்தது, எறும்பு கூடு வைத்தது, ஒரு இணைப்பி கழன்று விழுந்தது, எல்லாவற்றுக்கும் சூட்டுப் பசைதான் மருந்து, அதை விவரிக்கத் தேவையில்லை.

வயலில் கண்டது வேறு பாடம். புழுதி விதைப்பு, ஐப்பசிக் கடைசியில், மூன்று வயலும் ஒரே நாள், ஏ.ரி.362, மூன்றரை மாதச் சிவப்பு நெல். மூன்றாம் கிழமை போய் அளந்தேன். மேல்வயலில் என்.டி.வி.ஐ. 0.34, பள்ளவயலில் 0.19. பார்த்தீர்களா மாமா, பள்ளவயல் பட்டினி என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல காலம், ஒரு யோசனை வந்து காலால் தண்ணீரைக் கலக்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி பிடித்தேன். 0.14. பயிர் அதே பயிர், நைதரசன் அதே நைதரசன், தண்ணீர் கலங்கியதற்கே எண் இறங்கிவிட்டது. தண்ணீர் செந்நிறக்கீழ் ஒளியை உறிஞ்சும், கலங்கிய சேறு சிவப்பைத் திருப்பும், பயிர் மூடாத வயலில் உணரி பார்ப்பதில் பாதி தண்ணீர்தான். ஐந்து, ஆறு கிழமை ஆகி இலை மூடும் வரைக்கும் இந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு போவது கால் நனைக்கத்தான் உதவும்.

ஆறாம் கிழமை போனால் தலைகீழ். எங்கே பிடித்தாலும் 0.84, 0.85, 0.86. மாமா கண்ணால் பார்த்தே வித்தியாசம் சொல்லுகிற இடங்களில்கூட என் கருவிக்கு எல்லாம் ஒன்று. சிவப்பு ஒளி கொழுத்த பயிரில் மேல் இலையிலேயே தீர்ந்துவிடும், அதற்குப் பிறகு பச்சையம் கூடினாலும் அதற்குத் தெரியாது. என்.டி.வி.ஐ.யின் பழைய குறை இது, நானும் படித்திருந்தேன், ஆனால் படிப்பது வேறு, 0.85 என்று முப்பது முறை நோட்டில் எழுதிவிட்டு நிற்பது வேறு. அப்போதுதான் 730 அலைவரிசையின் அருமை தெரிந்தது. சிவப்பு முடிந்து செந்நிறக்கீழ் தொடங்கும் அந்தச் சரிவில் பச்சையம் அரைகுறையாகத்தான் விழுங்கும், அதனால் ஒளி கீழ் இலைகளுக்கும் இறங்கிப் போய்வரும். 680க்குப் பதிலாக 730ஐப் போட்டு அதே கணக்கைச் செய்தால் என்.டி.ஆர்.ஈ. வெறும் ஒரு வரி மாற்றம். மேல்வயல் 0.30, நடுவயல் 0.27, பள்ளவயலின் கீழ்மூலை 0.21. மூன்றும் மூன்றாகப் பிரிந்து நின்றன.

0.27 நல்லதா கெட்டதா? அதுதான் கேள்வி, அதற்குக் கருவியிடம் மறுமொழி இல்லை. வேறு நெல்லினம், வேறு உணரி, வேறு நாட்டில் எடுத்த அட்டவணையைக் கொண்டுவந்து முரசுமோட்டையில் வைத்துப் பார்க்க முடியாது. இதற்கு ஒக்லஹோமாக்காரர் சொன்ன வழி எனக்குப் பிடித்தது: உன் வயலிலேயே ஒரு துண்டுக்கு நைதரசனைத் தாராளமாகக் கொடு, பசி என்றால் என்னவென்றே தெரியாத பயிராக அது நிற்கட்டும், மற்றதை அதோடு ஒப்பிடு. நடுவயலில் இரண்டு மீற்றர் அகலம், பத்து மீற்றர் நீளத்தில் ஒரு பாத்தி. மாமா ஏக்கருக்கு முப்பது கிலோ எறிந்தால் இருபது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிராம் வரும், அந்தப் பாத்திக்கு ஒவ்வொரு முறையும் 220 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துக் கொண்டுபோனேன், மாமிக்கு இன்னும் தெரியாது. சுற்றிவரச் சின்ன வரம்பு கட்டாமல் முதலாம் முறை போட்டதில் அன்றிரவு மழைக்கே எல்லாம் கரைந்து வயல் முழுக்கப் பரவிவிட்டது. நான்காம் கிழமைதான் வரம்பு கட்டி ஒழுங்காகத் தொடங்கியது.

ஆறாம் கிழமை பாத்தி 0.31. அப்படியென்றால் மேல்வயல் அதில் 97 வீதம், நடுவயல் 87, பள்ளவயலின் மூலை 68. தொண்ணூறுக்குக் கீழே போனால் பசளை என்று ஒரு கோடு வைத்திருந்தேன். மாமாவுக்கு எண்களைச் சொன்னேன். மேல்வயலுக்கு இந்தமுறை யூரியா வேண்டாம், நடுவயலுக்கு வழமையான முப்பது கிலோ, பள்ளவயலுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும், நாற்பது போடலாம்.

மாமா ஒன்றும் சொல்லாமல் பள்ளவயல் மூலைக்குள் இறங்கினார். நான் வரம்பில் நின்றேன். முழங்கால் வரை புதைந்து நின்று, ஒரு பயிரை அடியோடு பிடித்து, ஆட்டி ஆட்டி மெல்லப் பிடுங்கினார். தண்ணீரில் அலசினார். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் கரிக்கயிறு மாதிரி இருந்தது, கிள்ளினால் அறுந்து வந்தது. என்னைப் பார்த்து நீட்டினார். "மணந்து பார்."

கூழ்முட்டை நாற்றம்.

"சாப்பாடு இல்லாமலே வெளிறிக் கிடக்கு? மூச்சு விடேலாமக் கிடக்கு. இதுக்கு மேலை நாப்பது கிலோவைக் கொட்டினா ஆர் தின்னுறது?" என்றார். தண்ணீர் வடியாமல் கிழமைக்கணக்காக நின்றதில் மண்ணில் காற்று போய், ஐதரசன் சல்பைட்டு உண்டாகி, வேர் செத்துக்கொண்டிருந்தது. வேர் செத்தால் பசளை இருந்தும் பயிர் எடுக்காது. இலை வெளிறும், அந்த வெளிறலை உணரி சரியாகவே அளந்தது. காரணத்தை நான்தான் இட்டுக்கட்டினேன்.

கடைவாய் வரம்பை வெட்டித் தண்ணீரை இறக்கினோம். மண்ணில் மெல்லிய வெடிப்பு வரும் வரைக்கும் விட்டோம், இடையில் ஒரு மழை வந்து கெடுத்தது, மறுபடி இறக்கினோம். பத்தாம் நாள் பிடுங்கிப் பார்த்தபோது கறுப்பு வேர்களுக்கு மேலே கணுவிலிருந்து வெள்ளை வேர் நாலைந்து, தையல் நூல் மாதிரி. அன்றைக்கு அளந்தால் மூலை 0.26, ஒரு மணி யூரியாகூடப் போடாமல். பாத்தி அதற்குள் 0.32 ஆகியிருந்தது. ஆகவே 81 வீதம், இப்போது கொடுக்கலாம். இருபது கிலோ எறிந்து தண்ணீர் கட்டினோம்.

மேல்வயல் விசயத்தில் மாமா என்னை நம்பவில்லை. வேண்டாம் என்று நான், முப்பது என்று அவர், கடைசியில் பதினைந்து. மூன்று வயலுக்கும் தொண்ணூறு கிலோ எறிய இருந்த இடத்தில் அறுபத்தைந்து எறிந்தோம், அரைப் பை மிச்சம். விளைச்சலில் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்க வேண்டாம். வெட்டு மெசின் மூன்று வயல் நெல்லையும் ஒன்றாகக் கொட்டிவிடும், தனித்தனியாக நிறுக்கவில்லை. அடுத்த முறை நிறுப்பதாக உத்தேசம்.

ஒரு சிரிப்பு. மேல்வயலின் ஒரு ஓரத்தில் எப்போதும் 0.33 வந்துகொண்டிருந்தது, பாத்தியையே மிஞ்சி. என்ன மண்ணப்பா இது என்று வியந்து நோட்டில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தேன். அதைக் காட்டக் கூட்டிப் போனபோது மாமா குனிந்து ஒரு பிடியைக் கோதிப் பார்த்தார். பாதிக்கு மேல் நெற்சப்பிக் களை. புல்லும் பச்சைதானே.

இலைநிற அட்டையையும் விடவில்லை. புதிதாக ஒன்று கிடைத்தது, ஒவ்வொரு முறையும் கருவியோடு அதையும் பார்த்து எழுதினேன். பெரும்பாலும் இரண்டும் ஒரே பக்கம்தான் சொன்னன. அட்டைக்குத் தெரியாதது மட்டத்தின் எண்ணிக்கை. ஐதாக நிற்கிற பயிரிலும் இலை கரும்பச்சையாக இருக்கலாம், அட்டை இலையைத்தான் பார்க்கும். கருவிக்குத் தெரியாதது இலை. அது வட்டத்துக்குள் வருகிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண்ணாக்கிவிடும். மழை பெய்கிற நாளில் அட்டை வேலை செய்யும், என் கருவி பையை விட்டு வெளியே வராது, அந்தக் காலபோகத்தில் நான் போன ஞாயிறுகளில் பாதி அப்படித்தான் போயிற்று. அந்த அப்புவின் கேள்விக்கு இப்போது என்னிடம் உள்ள மறுமொழி இது: கண் தெரியும், ஆனால் மூன்று வயலையும் ஒரே கண்ணால் ஒரே நாளில் பார்த்து, போன கிழமை எப்படி இருந்தது என்று ஞாபகம் வைத்திருக்கக் கண்ணால் முடியாது. மாமா கண்ணுக்கு எப்போதும் நேற்றையைவிட இன்றைக்கு வெளிறலாகத்தான் தெரியும். நோட்டில் 0.30 என்று எழுதியிருந்தால் அவரும் கொஞ்சம் யோசிப்பார்.

தை மூன்றாம் கிழமை, கதிர் பழுக்கத் தொடங்கிய நேரம், இரண்டு நாள் காற்றும் மழையும். மூன்றாம் நாள் காலை கடையைத் திறக்க முதலே போன் வந்தது. "உன்ரை அளவுகோல் படுத்திட்டுது. வந்து பார்."

போனேன். மூன்று ஏக்கரும் நின்றது, அங்கங்கே தலை சாய்ந்தபடி, ஆனால் நின்றது. நடுவயலில் மட்டும் இரண்டு மீற்றருக்குப் பத்து மீற்றர், நூல் பிடித்து வெட்டிய மாதிரி, பாய் விரித்ததுபோல் கிடந்தது. நான் நிறுத்து நிறுத்துக் கொடுத்த பாத்தி. சுற்றிவரப் பயிர் மஞ்சள் கட்டத் தொடங்கியிருக்க அது மட்டும் இன்னும் பச்சை. பெட்டியைத் திறந்து மத்தியானம் வரைக்கும் காத்திருந்து அளந்தேன். சுற்றியுள்ளது 0.22, விழுந்து தண்ணீரில் கிடந்த பாத்தி 0.29. அந்தத் திரையைக் கேட்டால் வயலிலேயே நல்ல பயிர் அதுதான்.

மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அது பெரிய மரியாதை. "மெசின் இதை அள்ளாது. அறுவடைக்கு வரேக்கை அரிவாளையும் கொண்டு வா, உன்ரை இருவது மீற்றரை நீதான் வெட்ட வேணும்" என்றார்.

மாசி இரண்டாம் ஞாயிறு வெட்டினேன். முளைத்த நெல்லைக் கழித்து ஒரு சின்னச் சாக்கில் முக்கால்வாசி வந்தது, இடுப்பு மூன்று நாள் நிமிரவில்லை. அடுத்த காலபோகத்துக்குப் பாத்தியை ஒரு மீற்றருக்கு ஐந்து மீற்றராகக் குறைக்கிறேன்.